ரிவேர்ஸ் கியரும் பரோட்டா மாவும்

கன நாளாக எழுதவேணும் என்று வைத்திருந்த கதை இது. போன கிழமை என்னோடு வேலை செய்கிற பெடியன் ஒருவன், தன் பழைய காருக்கு வேறு எஞ்சின் மாற்றப்போவதாகச் சொன்னான். "அளந்து பார்த்தனான் அண்ணை, வடிவா இறங்குது" என்றான். அந்த "வடிவா இறங்குது"வைக் கேட்டதும் எனக்கு நஜ்மா ஞாபகம் வந்துவிட்டது.

நஜ்மா டோகாவில் ஒரு பகுதி. பழைய சாமான் விற்கிற சூக் ஹராஜ் அங்கேதான் இருந்தது. 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டுப்பட, யாழ் பல்கலைக்கழகத்தில் என் பௌதிகப் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றது. அடுத்த வருடம் நான் நஜ்மாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடுகிற ஆள். கடைக்குப் பின்னால் ஒழுங்கையில் ஒரு சின்னக் கராஜ். அங்கே மெக்கானிக் சுன்னாகத்து அண்ணை ஒருவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள், ஒரு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மொரிஸ் மைனரையும் ஏ40ஐயும் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட தலைமுறை. வேலை முடிந்தால் நான் அங்கேதான் நிற்பேன்.

2008 கடைசியில் ஒரு கட்டார்க்காரப் பெடியன் தன் தகப்பனின் லாண்ட் குறூசரைக் கொண்டுவந்தான். எஃப்ஜே40. 1960 முதல் 1984 வரை ரொயோட்டா செய்த பெட்டி வடிவ ஜீப். இவனுடையதில் இருந்தது 2எஃப் எஞ்சின், 4.2 லீற்றர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். அதைக் கழற்றிவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு செவ்ரோலே ராஹோவின் 5.3 லீற்றர் வி8 எஞ்சினைப் போடவேணும். மணல்மேட்டில் ஓட பலம் காணாதாம்.

அமெரிக்காவில் 1970களிலேயே இந்த ஜீப்புக்கு வி8 போடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் லேசான வேலை இல்லை. பழையது நீளம், ஒடுக்கம். புதியது நாலு நாலாக இரண்டு வரிசை, ஆள் கட்டை, அகலம். ஆகவே முன்னுக்கு இடம் மிஞ்சும், பக்கத்தில் இறுகும். காற்றாடி றேடியேற்றருக்கு எட்டாமல் போக, மின்சாரக் காற்றாடி போட்டோம். சம்ப் அச்சில் முட்டுமா என்று பார்க்க, முன் அச்சை ஜாக்கியால் மேல் ரப்பர் தொடுமட்டும் உயர்த்தி அளந்தோம். மேடு பள்ளத்தில் அச்சு எம்பும்போது இருக்கிற இடம்தான் கணக்கு.

பொனற்றுக்கு என் பரோட்டா மாவு உதவியது. உருட்டிப் பொலித்தீனில் சுற்றி எஞ்சின் மேல் வைத்து, பொனற்றை மெல்ல மூடித் திறந்தால், நசுங்கின மாவின் தடிப்புத்தான் மிஞ்சின இடம். அண்ணை சிரித்துச் சிரித்து வைத்தார்.

பிரச்சினை இடது பக்கம். அங்கே ஸ்ரியறிங் தண்டு போகிறது. அதற்கு நேர் மேலே எக்ஸோஸ்ற் மனிஃபோல்ட். இடையில் 12 மில்லிமீற்றர். அண்ணைக்குப் பிடிக்கவில்லை. எஞ்சினை ஒரு அங்குலம் வலது பக்கம் தள்ளவேணும், இன்னும் மூன்று நாள் வேணும் என்றார்.

நான்தான் வாய் வைத்தேன். நியூட்டனின் மூன்றாம் விதி. எஞ்சின் தண்டை ஒரு பக்கம் முறுக்க, எஞ்சின் மற்றப் பக்கம் சரியும். இடது பக்கம் மேலே எழும்பும், தண்டை விட்டு விலகும். ஹான்ட் பிறேக்கைப் போட்டு முதலாம் கியரில் கிளச்சை விட்டுக் காட்டினேன். சொன்னபடியே எழும்பியது.

"படிச்சனீ சொன்னால் சரியடா தம்பி" என்றார் அண்ணை. அவருடைய குடும்பம் அப்போது வன்னிக்குள். தலை முழுக்க அங்கேதான் இருந்தது.

2009 ஜனவரி 2, வெள்ளிக்கிழமை. மிசையீட்டுக்கு அங்கால் சீலைன் மணல்மேடுகள். பெடியன் ஓட்ட, அண்ணை பக்கத்தில். நான் கீழே நின்றேன். முக்கால்வாசி ஏறி, சில்லுகள் புதைந்து நின்றுவிட்டது. பெடியன் லோ ரேஞ்சில் ரிவேர்ஸ் போட்டு அமத்தினான். "டங்" என்றொரு சத்தம். ஜீப் வெளிக்கிட்டது, ஆனால் ஸ்ரியறிங் திரும்பவில்லை. மணல்மேட்டில் நேராகப் பின்னுக்கு இறங்கவேணும். குறுக்கே திரும்பினால் உருளும். அது குறுக்கே திரும்பத் தொடங்கியது.

"காலை எடு! காலை எடு!" என்று அண்ணை தமிழிலேயே கத்தினார். பெடியன் பயத்தில் காலை எடுத்தான். எடுத்ததும் ஸ்ரியறிங் விட்டுக்கொடுத்தது. நேராக்கி இறங்கி வந்தார்கள். இறங்கி வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் ரத்தமில்லை.

விசயம் இதுதான். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்ந்து ஒரே கட்டி. ரிவேர்ஸில் வெளியே போகிற தண்டு எதிர்ப்பக்கம் சுற்றும், ஆகவே கட்டியும் எதிர்ப்பக்கம் சரியும். லோ ரேஞ்சில் அந்த முறுக்கு பல மடங்கு. இடது பக்கம் கீழே அமர்ந்து, மனிஃபோல்ட் ஸ்ரியறிங் மூட்டில் ஏறியிருந்தது. மூட்டில் பளபளவென்று ஒரு கீறல். நான் விதியைச் சரியாகத்தான் சொன்னேன், பாதியைச் சொன்னேன்.

நஜ்மாவுக்குத் திரும்பியபோது கிளிநொச்சி விழுந்த செய்தி வந்திருந்தது. அண்ணை ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலை வெல்டிங் மெசினைப் போட்டார். மவுண்டிங்கை வெட்டி எஞ்சினை 25 மில்லிமீற்றர் வலப்பக்கம் தள்ளினோம். அதற்கு மேல் முடியாது, முன் அச்சுக்குப் போகிற தண்டு அந்தப் பக்கம். எஞ்சினோடு ஒட்டி இருக்கிற வேறு மனிஃபோல்ட், மூட்டுகளும் நடுவில் பெயாரிங்கும் வைத்த புதிய ஸ்ரியறிங் தண்டு, புது ரப்பர்கள், பிறேக் குழாய்க்கு வெக்கைத் தகடு. ரிவேர்ஸில் எழும்புவது வலப்பக்கம் என்பதால் அங்கே ஒரு சின்னச் சங்கிலி. பிறகு குளிரிலும் சூட்டிலும், முன்னுக்கும் பின்னுக்கும் போட்டுப் பார்த்தோம்.

அண்ணை என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் இவ்வளவு காலம் மனதில் நின்றிருக்காதோ என்னவோ. அவருடைய கை "இடம் காணாது" என்று சொன்னது. என் அரைகுறைப் படிப்பு அதை மடக்கியது. எங்கட சனத்துக்குப் படித்தவன் சொல்லுக்கு இருக்கிற மரியாதை சில நேரம் ஆளைக் கொல்லப் பார்க்கும்.

கார் பெடியனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "ரிவேர்ஸ் போட்டுப் பார்த்தனியோ?"

முழித்தான். ஞாயிற்றுக்கிழமை நான் மாவோடு போகிறேன்.