வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்

பாலைவழிப் பயணத்திற்குப் புறப்படுகிறவர் குடிநீரைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு, வண்டியை எங்கே விட்டுச் செல்வது என்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆயினும் பழைய ஏற்பாட்டின் புகழ்பெற்ற பயணம் ஒன்றிலேயே இக்கேள்வி எழுகின்றது. மோரியா மலையைத் தொலைவில் கண்ட ஆபிரகாம், தம் கழுதையை வழியில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடவில்லை. வேலைக்காரர் இருவரை அதனருகே இருக்கச் செய்துவிட்டே மகனுடன் மேலே நடந்தார். குருமடத்தில் அப்பலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேர்வு பெற்றோம். கழுதையோடு காத்திருந்த அந்த இருவரைப் பற்றி ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ண வைத்தது இராமேசுவரத்து மணல்.

2014ஆம் ஆண்டு, முட்டுக்காட்டிலிருந்து நமது பங்கு மக்கள் சிலருடன் கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் புறப்பட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். கச்சத்தீவு 285 ஏக்கர் பரப்புள்ள சிறு தீவு. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலங்கைக்கு உரியதாயிற்று. அங்கே குடியிருப்போர் இல்லை, குடிநீரும் இல்லை. ஆண்டில் இரண்டு நாள் மட்டும், புனித அந்தோணியாரின் பெயரால், இரு கரை மக்களும் அங்கே கூடுவர். வேர்கோடு பங்கில் பெயரைப் பதிவு செய்து, இராமேசுவரத்தில் படகேற வேண்டும். நமது வேன் ஓட்டுநரும் பதிவு செய்திருந்தார். அவரும் தீவுக்கு வந்துவிட்டால் வேனுக்கு யார் காவல் என்பதை, ஊர் போய்ச் சேரும்வரை எவரும் நினைக்கவில்லை.

ஊருக்குள் இடமில்லை. விடுதி முற்றங்களெல்லாம் நிறைந்திருந்தன. தனுஷ்கோடிச் சாலையில் சிறிது தொலைவு சென்றோம். 1964 டிசம்பர்ப் புயல் அழித்த அந்த ஊருக்கு அப்போது முழுச் சாலை கிடையாது. அரிச்சல்முனை வரையிலான சாலை 2017இல்தான் திறக்கப்பட்டது. இருபுறமும் மணல்; காற்று அதைச் சாலைமேல் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. சவுக்குத் தோப்பின் ஓரமாக வேனை நிறுத்தினோம். அருகே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், எல்லாரும் சொல்வதுபோல, “பாட்டி, வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்குங்க” என்றோம்.

“எப்ப வருவீக சாமி?”

“நாளைக்குச் சாயங்காலம்.”

மறுநாள் படகு தாமதித்தது. மணல்வெளியை அடைந்தபோது நள்ளிரவாகிவிட்டது. வேனின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, அரிக்கேன் விளக்குடன் அவர் அமர்ந்திருந்தார். முதல் நாள் இரவும் வீட்டுக்குப் போகவில்லையாம். மருமகள் சோறு கொண்டுவந்து கொடுத்தாளாம். காற்று சக்கரத்தடியில் மணலை அரித்த இடங்களில் கல் வைத்திருந்தார். முகப்பில் மணல் புகாதபடி ஓர் ஓலைப்பாயைக் கட்டியிருந்தார். “சாயங்காலம்னுதானே சொன்னீக?” என்று கடிந்துகொண்டார். கொடுத்த பணத்தை எண்ணிப் பார்த்தே வாங்கினார். அது நமக்கு நிறைவாகவே இருந்தது.

மறு ஆண்டு நாமே காவலராக வேண்டி வந்தது. பங்கு இளைஞர் ஒருவர் சவுதி அரேபியாவுக்கு ஓட்டுநர் வேலைக்குச் சென்றார். ருப் அல் காலி என்னும் பெரும்பாலையின் விளிம்பில் முகாம். தந்தையார் விட்டுச் சென்ற மோட்டார் சைக்கிளை நம் இல்லத்து வளாகத்தில் நிறுத்தி, “வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி விடுங்க ஃபாதர்” என்று சாவியைத் தந்தார். முட்டுக்காட்டில் கிழக்கே கடல், மேற்கே கழிமுகம். இரு பக்கமும் உப்புக்காற்று. ஒரு மழைக்காலத்திலேயே சங்கிலி செந்நிறமாகிவிடும். எனவே எண்ணெய் இட வேண்டும். பிளாஸ்டிக் உறையைப் போட்டால் உள்ளே ஈரம் வேர்க்கும். பருத்தித் துணியே நல்லது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவைக்க வேண்டும். எலி வயரைக் கடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தோம். பிறகு திருவிழா, பள்ளித் தேர்வு, கட்டடப் பணி. சாவி ஆணியிலேயே தொங்கியது.

2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கருகே கரை கடந்தது. முன்னறிவிப்பு இருந்தது. முந்தின நாள் மாலையே பங்குக் காரைத் தூங்குமூஞ்சி மரத்தடியிலிருந்து எடுத்துப் பள்ளியின் முகப்பு மண்டபத்தில் நிறுத்தினோம். அதே மரத்தடியில் நின்ற மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வரவில்லை. மரம் அதன்மேல் விழுந்தது.

விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு சட்டமுண்டு. ஒருவர் காவலுக்காக ஒப்படைத்த கழுதையோ மாடோ, எவரும் பாராத வேளையில் இறந்தால் அல்லது காயமுற்றால், காத்தவர் ஆண்டவர் முன் ஆணையிட்டால் போதும். ஈடு தர வேண்டியதில்லை. திருடுபோனால் ஈடு தர வேண்டும். பாலை வழியே நடந்த மக்களுக்கு வாய்த்த சட்டமல்லவா, எத்தனை நுட்பம்! அதைப் படித்தபோது, புயல் நம் செயலன்று, ஆணையிட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் காரை நகர்த்தியவர் நாமே. நம் பொருளுக்கு ஆபத்து வரும் என்பதைக் கண்ட கண், பிறர் பொருளைக் காணவில்லை. ‘எவரும் பாராத வேளை’ என்னும் விலக்கு நமக்குப் பொருந்தவில்லை.

2017இல் அவர் வந்தார். நொறுங்கிய பெட்ரோல் டாங்கையும் வளைந்த முன்சக்கரத்தையும் பார்த்துச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நம்மைத் தேற்றுவதற்காகவே என்று நினைக்கிறோம், தம் முகாமின் வழக்கங்களைச் சொல்லத் தொடங்கினார். வாரக்கணக்கில் வண்டியை விட வேண்டுமானால் கெட்டியான சரளைத் தரையைத் தேடுவார்களாம். மணற்குன்றின் மறைவு நிழலாகத் தோன்றினாலும், குன்று நகர்ந்து வண்டியை மூடிவிடும். வறண்ட ஓடையிலும் நிறுத்தக்கூடாது. எங்கோ பெய்த மழை திடீரென வெள்ளமாக வரும். முகப்பு காற்றுக்கு எதிரே இருக்கலாகாது. இடத்தையும் திரும்பும் நாளையும் முகாமில் எழுதிவைத்தே புறப்பட வேண்டும். “வண்டி நடுவழியில நின்னுட்டா, அதை விட்டு நடக்கக்கூடாது ஃபாதர். தேடி வர்றவங்க கண்ணுக்கு ஆள் தெரியமாட்டான், வண்டிதான் தெரியும்” என்றார்.

பழுது பார்த்த செலவை நாம் ஏற்றோம். வேண்டாம் என்றார், தந்தையின் வண்டியாதலால் அதிகம் மறுக்கவும் இல்லை. விடுப்பு முடிந்ததும் அதை மீண்டும் நம்மிடமே கொண்டுவந்தார். வேறிடம் பார்க்கலாமே தம்பி என்றோம்.

“எங்க விடுறது ஃபாதர்?” என்று சாவியை நீட்டினார்.

பள்ளி மண்டபத்தில் நிறுத்தினோம். அவர் திரும்பும் தேதியைக் கேட்டு, ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் அலமாரியின் கதவில் எழுதி ஒட்டினோம். சனிக்கிழமைதோறும் மாலைத் திருப்பலிக்கு முன் அந்த வண்டி உறுமும். பாடற்குழுவினர் முகம் சுளிப்பர். 2019இல் அவர் வந்து எடுத்துச் சென்றார்.