தூவலூர் தேடிப் போன அரிவாள்காரர்

சாமளாபுரம் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் விடிந்ததும் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று விசைத்தறி. அது ராத்திரியிலும் நிற்பதில்லை. இன்னொன்று சம்மட்டி. தறிகளுக்கு நடுவே தனியாகக் கிடக்கும் அந்தப் பட்டறையில் உலையும் அடைகல்லும் இருப்பதில் ஆச்சரியமில்லை. சுவர் முழுக்க ஆணியடித்துத் தொங்கும் அட்டைகளைத்தான் புதிதாக வருகிறவர்கள் வெறிக்கப் பார்ப்பார்கள். பனியன் கம்பெனியில் கை, கழுத்து, உடம்பு என்று பேட்டர்ன் அட்டை வெட்டுவார்களே, அதேபோல அரிவாளுக்கும் கத்திக்கும் வெட்டிய அட்டைகள். சோளத்தட்டு அறுக்க ஒன்று, இளநீர் சீவ ஒன்று, வேலிமுள் கழிக்க ஒன்று, இடது கைக்காரருக்கு ஒன்று.

பட்டறைக்காரருக்கு வயது 50-ஐத் தாண்டிவிட்டது. திருப்பூரில் கட்டிங் செக்சனில் பல வருசம் வேலை பார்த்தவர். துணி வெட்டும் மெஷினின் பிளேடைத் தீட்டித் தீட்டி, கடைசியில் பிளேடு செய்வதே பிழைப்பாகிவிட்டது. ஆனால் இரும்பின் மேல் முதல் ஆசை வந்தது கம்பெனியில் அல்ல, சினிமாக் கொட்டகையில்.

1992 தீபாவளிக்கு, அக்டோபர் 25-ஆம் தேதி, ‘தேவர் மகன்’ வெளியானது. கதை, வசனம் கமல்ஹாசன். இயக்கம் பரதன். ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம், இசை இளையராஜா. சிவாஜி கணேசன் பெரிய தேவராக வந்தார். சிறந்த தமிழ்ப் படம் உட்பட ஐந்து தேசிய விருதுகள் கிடைத்தன. கதையும் பேச்சும் தென்மாவட்டத்தவை, மண் மட்டும் கொங்கு மண். படத்தின் பெரும்பகுதி பொள்ளாச்சி வட்டாரத்தில் எடுக்கப்பட்டது. அப்போது 17 வயசுப் பையனாக இருந்த நம் பட்டறைக்காரர் அந்தப் படத்தை ஒன்பது தடவை பார்த்தார். ஒன்பது தடவையும் அவர் கண்ணில் பட்டது அரிவாள்தான்.

மறு வருசம் மாமன் மகனோடு டி.வி.எஸ். 50-யில் பொள்ளாச்சிக்குப் போனார், படத்தில் வரும் தூவலூரைப் பார்க்க. அப்படி ஓர் ஊர் இல்லை, அது கதைக்காக வைத்த பெயர் என்பது போன பிறகுதான் தெரிந்தது. டீக்கடைக்காரர் ஒரு திசையைக் காட்டினார், மாட்டு வண்டிக்காரர் வேறு திசையைக் காட்டினார். சாயங்காலம் வரை சுற்றி, பெரிய வீடுகளையெல்லாம் வெளியே நின்று பார்த்துவிட்டு, பெட்ரோல் தீரத் தீர ஊர் திரும்பினார்கள்.

அந்த வாரமே தெருக்கோடியில் இருந்த பழைய கொல்லுப்பட்டறையில் போய் உட்கார்ந்து, லாரிப் பட்டையில் தன் முதல் அரிவாளை அடித்தார். இரண்டடி நீளம், வளைந்த மூக்கு, பளபளவென்று. பட்டறைப் பெரியவர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏங்கண்ணு, இதுல எதைய வெட்டறது?”

பையனிடம் பதில் இல்லை. ஆனால் அரிவாள் விலை போயிற்று. அதேபோல இன்னும் சில அடித்தார், அவையும் போயின. கொஞ்ச வருசம் கழித்து ஒரு நாள் போலீஸ் ஜீப் வந்து நின்றது. வேறு ஊரில் நடந்த வெட்டுக் குத்தில் கிடைத்த அரிவாளின் பிடியில் அவர் போடும் மூன்று கோட்டு அடையாளம் இருந்தது. வாங்கினவர் யார், எந்த ஊர் என்று கேட்டார்கள். அவருக்கு முகம்கூட ஞாபகமில்லை. வழக்கில் சாட்சியாகக் கோர்ட்டுக்கு நாலைந்து தடவை அலைந்தார். காயம்பட்ட ஆள் அங்கே எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டையின் ஒரு கை காலியாகத் தொங்கியது.

அதிலிருந்து பட்டறையில் ஒரு வழக்கம். யார் வந்து நின்றாலும், “எந்த வேலைக்குன்னு சொல்லுங்க, அப்பறம் அருவாளப் பத்திப் பேசலாமுங்க” என்பார். வேலையைச் சொல்லத் தெரியாதவருக்கு அங்கே அரிவாள் இல்லை.

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் படைக்கலச் சட்ட விதிகளின்படி ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகச் செய்யப்பட்டவைக்கு மட்டும் விலக்கு உண்டு. 2021 செப்டம்பரில் பழிக்குப்பழிக் கொலைகள் வரிசையாக நடந்தபோது, அரிவாள் வாங்குகிறவரின் பெயர், முகவரி, என்ன வேலைக்கு என்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதி வைக்கும்படி தமிழகக் காவல்துறை பட்டறைகளுக்குச் சொன்னது. கருக்கரிவாள் வாங்கப் போன விவசாயிகள் பலருக்கு அது எரிச்சல்தான். சாமளாபுரத்துப் பட்டறையில் அந்த நோட்டு அதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

போன தை மாதம், 30 வருசத்துக்குப் பிறகு, மறுபடியும் பொள்ளாச்சிக்குக் கிளம்பினார். ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் துறட்டி அரிவாளுக்கு அளவு பார்க்கக் கூப்பிட்டிருந்தார். போகிற போக்கில் படம் எடுத்த இடத்தையும் பார்த்துவிடலாம் என்று வீட்டம்மாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டார். இந்த முறை மாமன் மகன் வரவில்லை. அவருக்கு முட்டிவலி.

சாமளாபுரத்திலிருந்து காரணம்பேட்டை, சுல்தான்பேட்டை, நெகமம் வழியாகப் போனால் பொள்ளாச்சி வந்துவிடும். ஒரே பாதையில் நிலம் எத்தனை வேசம் போடுகிறது என்பதைப் பார்க்கலாம். சாமளாபுரம் நொய்யல் கரை. தறிக்குடோன் தாண்டினால் கோழிப்பண்ணைக் கொட்டகைகள். சுல்தான்பேட்டைப் பக்கம் வானம் பார்த்த சோளக்காடும் காற்றாலைகளும். பி.ஏ.பி. வாய்க்கால் குறுக்கே வந்ததும் பச்சை ஆரம்பிக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் 3.77 லட்சம் ஏக்கர் நான்கு மண்டலமாகப் பிரிக்கப்பட்டு முறை வைத்துத் தண்ணீர் வாங்குகிறது. எந்த மண்டலத்துக்கு இது முறை என்பதை வாய்க்காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். நெகமத்தில் கைத்தறிச் சேலைக் கடை முன்னால் வண்டி சிறிது நேரம் நின்றது. அது வீட்டம்மாவின் உத்தரவு.

வியாழக்கிழமை என்பதால் பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை. செவ்வாயும் வியாழனும் அங்கே மாடு வாங்க, விற்கக் கேரளத்திலிருந்தும் ஆள் வரும். சந்தைக்கு வெளியே டீ குடித்துக்கொண்டே பட்டறைக்காரர் பழைய கேள்வியைக் கேட்டார். பழைய பதிலே வந்தது. ஒருவர் ஒரு ஜமீன் வீட்டைச் சொன்னார், இன்னொருவர் அதெல்லாம் இல்லை என்று மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறு வீட்டைச் சொன்னார். மாடு பிடித்து நின்ற ஒரு பெரியவர், தான் தேர்த் திருவிழாக் காட்சியில் கூட்டத்தில் நின்றதாகவும், கேமரா தன் பக்கம் திரும்பவே இல்லை என்றும் இன்னும் மனத்தாங்கலோடு சொன்னார். பொள்ளாச்சிப் பக்கம் படம் எடுக்காத ஊர் எது என்று கேட்பதுதான் சுலபம்.

சொன்ன வழியில் போய் ஒரு குளத்து மேட்டில் ஏறி நின்றார்கள். “இங்கதான் கரைய உடைச்சு ஊருக்குள்ள தண்ணி உட்டாங்க” என்று ஆடு மேய்த்த அம்மா கைகாட்டினார். படத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கரையை வெடிவைத்து உடைக்கிறார்கள். தண்ணீர் புகுந்து குழந்தைகள் உட்படப் பலர் சாகிறார்கள். அந்தக் கரை இதுதானா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பட்டறைக்காரர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. அவர் குளத்துக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு வந்தப்ப இங்க கடலக்காடு புள்ள. கண்ணுக்கெட்டற மட்டும் கடலக்காடு. இப்பப் பாரு, பூராத் தென்ன.”

“இதுக்குத்தான் ஒரு நாள் தறிய நிறுத்திப்போட்டு வந்தமாங்க?” என்றார் வீட்டம்மா.

ஆனால் அவர் சொன்னது விளையாட்டான விசயமில்லை. நிலக்கடலையும் பருத்தியும் விளைந்த பொள்ளாச்சி நிலம் ஆள் பற்றாக்குறையாலும் தண்ணீர் வசதியாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தென்னைக்கு மாறியது. கடலைக்காட்டில் களைக்கொத்தும் சிறு அரிவாளும் போதும். தென்னைக்கு வேறு வெட்டு, வேறு எடை. காடு மாறினால் கத்தியும் மாற வேண்டும்.

ஆனைமலைத் தோப்பில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தோப்புக்காரர் முதலில் காட்டியது காயை அல்ல, வெட்டிச் சாய்த்த மரங்களை. 12 மரம் வரிசையாகக் கிடந்தது. கேரள வேர்வாடல் நோய். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கோட்டயம் பக்கம் தோன்றிய இந்த நோய் மலை தாண்டி இப்போது பொள்ளாச்சித் தோப்புகளைப் பிடித்து ஆட்டுகிறது. பைட்டோபிளாஸ்மா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. ஓலையின் இலைகள் விலா எலும்பு மாதிரி உள்பக்கமாக வளையும், மஞ்சளாகும், ஓரம் கருகும். குணப்படுத்த மருந்து கிடையாது. மிகவும் பாதித்து, வருசத்துக்குப் பத்துக் காய்கூடத் தராத மரத்தை வெட்டி அப்புறப்படுத்தத்தான் சொல்கிறார்கள். இதற்கு முன்னால் வந்த சுருள் வெள்ளை ஈயும் இந்தியாவில் முதலில் தென்பட்டது 2016-இல் இதே பொள்ளாச்சிப் பக்கம்தான்.

“எங்கப்பாரு வெச்ச மரமுங்க. வெட்டறதுக்குக் கூலிதான் போச்சு, மனசு கேக்கல” என்றார் தோப்புக்காரர். மிச்ச மரத்தில் ஏற ஆள் கிடைப்பதில்லை. நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் கீழே நின்றே குலை அறுக்கிறார்கள். கடையில் வாங்கிய அரிவாள் முனை கனம் அதிகம். கம்பு நுனியில் கனம் கூடினால் பத்து மரத்துக்குள் தோள் செத்துவிடும். வளைவும் பாளைக்காம்பில் மாட்டாமல் வழுக்குகிறது.

பட்டறைக்காரர் பையிலிருந்து அட்டையை எடுத்தார். கீழே கிடந்த குலைக்காம்பின் மேல் வைத்துப் பென்சிலால் வளைவு வரைந்தார். அறுக்கிறவரைக் கம்பைப் பிடிக்கச் சொல்லி, இழுக்கும் கோணத்தைப் பார்த்தார். இரண்டு தடவை அழித்து வரைந்து, கத்திரிக்கோலால் வெட்டிக் கம்பு நுனியில் அட்டையையே கட்டி மேலே தூக்கிக் காட்டினார். கம்பு பிடித்தவர் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு விரக்கட மூக்கு உள்ள வரோணுங்க” என்றார். வந்தது.

அங்கே நின்ற இன்னொருவர் தன் வெட்டரிவாளை நீட்டி, வாய் ஏன் பொருபொருவென்று உடைகிறது என்று கேட்டார். நிறையப் பேருக்கு இருக்கும் சந்தேகம் இது. லாரிப் பட்டை நல்ல எஃகு. செக்கச் சிவந்து, காந்தம் ஒட்டாத சூட்டுக்கு வந்ததும் எண்ணெயில் முக்கினால் கண்ணாடி மாதிரி கெட்டியாகிவிடும். அப்படியே விட்டால் உடையும். மறுபடி மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். தேய்த்துப் பளிச்சென்று வைத்த இடத்தில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு பழுப்பு, பிறகு ஊதா. புல், கதிர் அறுக்கும் அரிவாளை வைக்கோல் நிறத்தில் நிறுத்தலாம். மரம் கழிக்கும் வெட்டரிவாளை ஊதா வரை விட வேண்டும். இவருடையதற்கு அந்த இரண்டாவது சூடு காட்டவில்லை. வாய் மழுங்கி மடங்கினால் குறை நேர்மாறானது. பல சமயம் அது பட்டறையின் தப்பே இல்லை. சாணை பிடிக்கும் மெஷினில் தண்ணீர் தொடாமல் தீட்டி, வாய் நீலமாகிவிட்டால் அந்த இடம் மெத்தென்று போய்விடும். அடிக்கடி தண்ணீரில் முக்கி, விரலில் சூடு தெரியாமல் தீட்டச் சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனார்கள். நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துப் பூச வந்த கூட்டம் அன்றும் இருந்தது. வீட்டம்மா கும்பிட்டு முடித்து வந்தபோது அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தை ஒன்பது தடவை பார்த்தும் ஒரு காட்சியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னார். இசக்கிக்குக் கை போன பிறகு வருகிற காட்சி. வடிவேலு நடித்த பாத்திரம் அது. கோயில் பூட்டை உடைத்ததற்காக அவன் கையை வெட்டிவிடுகிறார்கள். “நானு அப்ப வெட்டுனத மட்டும்தான் பாத்தேன்.”

அந்தப் படம் வந்த அதே 1992-இல்தான் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை திறக்கப்பட்டது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த காடுகளைக் கெடுத்தது ஊரறிந்த கதை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை போனது அது. கரை உடைந்துதான் ஊர் கெட வேண்டும் என்பதில்லை. ராத்திரி எட்டு மணிக்குச் சாமளாபுரம் குளத்தங்கரையில் வண்டி நின்றபோது ஆகாயத்தாமரைக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது. இதே ஆற்றின் கரையில், கீழே கொடுமணலில், 2,000 வருசத்துக்கு முன்னால் இரும்பு உருக்கிய உலைகளை 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்க்க இன்னும் போகவில்லை என்று அவருக்கு ஒரு குறை.

மறுநாள் காலை துறட்டி அரிவாள் அட்டை மற்ற அட்டைகளோடு சுவரில் ஏறியது. மூலையில் பென்சிலால் ‘ஆனைமலை, தென்னை, கம்பு 20 அடி’ என்று எழுதியிருந்தது. உலை மூட்டியாயிற்று. வீட்டம்மா தறி ஓட்டப் போய்விட்டார்.