மினிக்கு எந்த ஒயில்? – றொசல்ல கராஜ் நாட்குறிப்பு

2025 மார்ச் 3, திங்கள்

காலையில் கராஜைத் திறக்கப் போகும்போதே வாசலில் மினி நின்றது. எங்கள் பெரிய கிளாக்கரையா ஓட்டிய வண்டி. அவர் காலமாகி மூன்று வருசம். இப்போது மகன் எடுத்திருக்கிறான். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில் ஓட்டப் போகிறானாம். 1934இல் தொடங்கிய போட்டி அது. வண்டிகள் ஒவ்வொன்றாக ஏறும், நேரத்தைக் கணக்கெடுப்பார்கள். அவன் அப்பாவுக்கும் அந்த ஆசை இருந்தது எனக்குத் தெரியும்.

கையில் ஒரு டின் வைத்திருந்தான். 5டபிள்யூ-30, முழு சிந்தெட்டிக்.

"ஆகக் கூடின வெல இதுதான் அண்ணே. ரேசுக்கு நல்லதுன்னு கடையில சொன்னாங்க."

வாங்கி அலுமாரியில் வைத்தேன். "மொதல்ல உள்ள கெடக்குறத பாப்போம் தம்பி."

மார்ச் 4, செவ்வாய்

எஞ்சினைச் சூடாக்கிவிட்டு ஒயிலை இறக்கினேன். ஆறின பிறகு இறக்கினால் அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். நல்ல கறுப்பு. அதில் பயமில்லை, கரியைத் தாங்கிக்கொண்டு வருவதுதான் ஒயிலின் வேலை. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கல் இருக்கிறது, தடிப்பு இல்லை. மணந்தால் பெற்றோல் வாடை. சோக் முழுதாகத் திரும்பாமல் நின்றிருக்கிறது. எரியாத பெற்றோல் சிலிண்டர் வழியாக இறங்கி ஒயிலில் கலந்திருக்கிறது.

மினியின் சம்ப் நட்டில் ஒரு காந்தம் உண்டு. அதில் பிடித்திருந்ததை வெள்ளைத் துணியில் துடைத்து வெயிலில் பிடித்தேன். சாம்பலைக் குழைத்த மாதிரி பசை. நசுக்கினால் விரலில் குத்தவில்லை. குத்தியிருந்தால் கியர் பல் உடைகிறது என்று அர்த்தம். இது சாதாரணத் தேய்மானம்தான். பையன் பெருமூச்சு விட்டான்.

1959இல் வந்த இந்த வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பொக்சுக்கும் ஒரே ஒயில். அதுதான் இதன் தனிக் குணம். சூட்டில் இளகிவிடாமல் இருக்க ஒயிலில் நீண்ட இழைபோல ஒரு பொருள் கலக்கிறார்கள். தேயிலை ஸ்டோரில் ரோலர் கொழுந்தை முறுக்கி நசுக்குவது போல, கியர் பற்கள் அந்த இழையை நசுக்கி அறுத்துவிடுகின்றன. 50 என்று ஊற்றியது கொஞ்ச நாளில் 40 போல ஓடும். 30ஆக ஊற்றினால் எங்கே போய் நிற்கும்?

மார்ச் 6, வியாழன்

வட்டவளைப் பக்கத்து திரீவீல் ஒன்று. எஞ்சின் கத்துகிறது, ஏற்றத்தில் வண்டி நகரவில்லை. கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று சாரதி காசோடு வந்திருந்தார். கடைசியாக என்ன ஒயில் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். கார் ஒயிலாம், நல்ல விலையாம். திரீவீலிலும் மோட்டார் சைக்கிளிலும் கிளட்ச் ஒயிலுக்குள்ளேயே சுற்றுகிறது. பெற்றோல் மிச்சம் பிடிக்கவென்று வழுக்கலைக் கூட்டிய கார் ஒயில் அங்கே போனால் கிளட்சும் சேர்ந்து வழுக்கும். டின்னின் பின்பக்கத்தில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். ஒயிலை மாற்றினேன். பிளேட்டைத் தொடவில்லை. பின்னேரம் ஹட்டன் வரை போய்வந்து, இழுக்கிறது என்றார்.

கினிகத்தேனையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு முதலாம் இரண்டாம் கியரில் ஏறும் அந்த எஞ்சின் தினமும் ரேஸ் ஓடுகிறது. வேகம் குறைவு, காற்றும் பிடிக்காது, சூடு மட்டும் ஏறும். ரேஸ் வண்டிக்குக் காட்டும் அக்கறையை அதற்கும் காட்ட வேண்டும் என்பேன்.

மார்ச் 8, சனி

நாள் முழுக்க மழை. பையன் வந்திருந்தான், டின்னைப் பற்றித்தான் பேச்சு.

டபிள்யூ என்பது குளிருக்கான எழுத்து. அதற்கு முன் நிற்கும் எண் குளிரில் ஒயில் எப்படி அசையும் என்பதைச் சொல்கிறது. 20 என்றால்கூட பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் சோதித்தது. நுவரெலியாவில் துகள்பனி விழும் காலையிலும் அவ்வளவு குளிர் இல்லை. நமக்கு முக்கியம் பின்னால் நிற்கும் எண். 150 பாகைச் சூட்டில் அழுத்திப் பார்க்கும் சோதனையில் 30 குறைந்தது 2.9 தாங்க வேண்டும், 50 குறைந்தது 3.7. மினிக்கு அந்த இடைவெளி பெரிது. இன்னொன்று, புகைக்குழாயில் இருக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைக் காப்பாற்ற இன்றைய 30 ஒயில்களில் பொஸ்பரசைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். மினியின் கேம், டப்பெட்டோடு நேராக உராய்கிற பழைய வகை. அதற்கு ஒயிலில் சேரும் சிங்க்கும் பொஸ்பரசும்தான் கவசம்.

அதற்காகப் புதிய ஜப்பான் காரில் 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்லவில்லை. அதன் இடுக்குகள் மெல்லிய ஒயிலுக்கு அளந்து செய்தவை. கைநூலில் அனுமதி இருந்தால் வேக ஓட்டத்துக்கு ஒரு படி மேலே, 40க்குப் போகலாம். அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் ரேஸ் எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய்தான். கஸ்ட்ரோல் என்ற பெயரே 1909இல் அந்த எண்ணெயிலிருந்து வந்தது. சூட்டில் இரும்பை விட்டு நழுவாது. ஆனால் பிசின் கட்டும், ஓடி முடிந்ததும் இறக்கிவிட வேண்டும்.

மார்ச் 13, வியாழன் – போயா

மினிக்கு ஊற்றியது 20டபிள்யூ-50 மினரல், ஏறத்தாழ 5 லீற்றர். விடிய கினிகத்தேனைக்கு இறங்கி, சாதாரண வேகத்தில் ஹட்டன் வரை ஏறினோம். ஒயில் அழுத்தமானி ஓட்டத்தில் 60 இறாத்தல், சூடாக நிற்கும்போது 15. இந்த எஞ்சினுக்கு எழுதிவைத்த கணக்கு அதுதான்.

பையன் நானுஓயா குறுக்கு வழியில் விரட்டிப் பார்க்கலாமா என்றான். மறுத்துவிட்டேன். 2023 ஜனவரியில் அங்கே ஏழு பேர் ஒரே விபத்தில் போனார்கள். றோட்டு றோட்டுதான். தோட்டத்து மைதானத்தில் அனுமதி கேட்டு வட்டமடித்தோம்.

அங்கேதான் பிடிபட்டது. ஒரு பக்கமாகச் சுற்றும்போது மட்டும் முள் 60இலிருந்து 20க்கு விழுகிறது. ஒயில் சம்பின் ஒரு ஓரத்துக்கு ஒதுங்க, உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கிறது. இரண்டு செக்கன் போதும், பியரிங் போய்விடும். இதற்கு எந்த டின்னிலும் மருந்து இல்லை. குழாயின் வாய் சம்பின் நடுவுக்கு வர வேண்டும்.

மார்ச் 22, சனி

குழாய் கொழும்பிலிருந்து வந்து, எஞ்சினை இறக்கிப் பிரித்து மாற்ற மூன்று நாள். இன்று மைதானத்தில் இரண்டு பக்கமும் சுற்றினோம். முள் அசையவில்லை.

பழைய ஒயிலைக் கானில் அடைத்துவிட்டேன். இங்கே ஓடையில் ஊற்றினால் கீழே மகாவலிதான். காலி டின்களில் ஓட்டை போட்டேன். முழுசாக எறிந்தால் கள்ள ஒயில் நிரப்பித் திரும்ப விற்பார்கள்.

பையனுக்கு எழுதிக் கொடுத்தது: ஒயில் மேல் கோடு வரை. புறப்படுமுன் பத்து நிமிடம் சூடாக்கு, ஆறின எஞ்சினை முறுக்காதே. முள் விழுந்தால் அந்த இடத்திலேயே காலை எடு. போட்டி முடிந்த மறுநாள் ஒயிலை இறக்கக் கொண்டு வா. 5டபிள்யூ-30 டின் இன்னும் உடைக்கவில்லை, கடையில் திருப்பிக் கொடு.