ஜன்னல் வைத்த ஐஸ் ஹவுஸ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாவலூர் சர்வீஸ் ரோட்டின் ஓரமாக ஓர் அக்கா மீன் விற்பார். கோவளத்துச் சரக்கு. தெர்மாகோல் பெட்டி, அதன்மேல் ஈரக் கோணி. ஐஸ் பாரைக் கோணிக்குள் போட்டு, உருட்டுக்கட்டையால் நாலு போடு போடுவார். கோணியை உதறினால் பொலபொலவென்று மீன்மேல் கொட்டும்.

அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான்.

பெரியம்மா ஐம்பதுகளில் டீச்சர் டிரெயினிங் படித்தவர். எந்தக் கதையை எடுத்தாலும் “நான் ஐஸ் ஹவுஸ்ல இருந்தப்போ” என்றுதான் ஆரம்பிப்பார். சின்னப் பையனான எனக்கு, சுவரெல்லாம் பனிக்கட்டியாய் ஒரு வீடு கண்முன்னே எழும். “பாயெல்லாம் ஈரமாயிடாதா பெரியம்மா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஐஸ் எங்கேடா இருந்தது? உப்புக் காத்துதான் இருந்தது” என்று சிரித்தார்.

ஐஸ் இருந்தது, அவருக்கு நூறு வருஷம் முன்னால். பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரெடரிக் டியூடர் 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பிப் பார்த்தார். நாலு மாதக் கடல் பயணத்தில் ஒரு பங்கு கரைந்தது போக, மிச்சம் நல்ல விலைக்குப் போனது. 1842-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்கென்று ஒரு கிடங்கு எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ். அமெரிக்க ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும், குதிரை பூட்டிய கலப்பையால் கோடு கீறி, பாளம் பாளமாய் அறுத்து, மரத்தூள் பொதிந்து கப்பலேற்றுவார்கள். அன்றைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் சரக்கு அலை தாண்டிக் கரைக்கு வரவேண்டும்.

அமெரிக்காவின் வால்டன் ஏரியிலும் 1846-47 குளிர்காலத்தில் இப்படி அறுத்தார்கள். ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த எழுத்தாளர் தோரோ அதைப் பார்த்துவிட்டு, தன் ஏரித் தண்ணீரைச் சென்னைக்காரர்கள் குடிக்கப் போகிறார்கள் என்று எழுதிவைத்தார். குடித்தது என்னவோ வெள்ளைக்காரத் துரைமார்களும் ஒருசில பணக்காரர்களும்தான். படகு வலித்தவர்களுக்குக் கையில் சொட்டிய தண்ணீர் மட்டும் கிடைத்திருக்கும்.

பெரியம்மா இதையெல்லாம் சொன்னதில்லை. அவர் சொன்னது, அப்போது மாணவியர் விடுதியாக இருந்த அதே கட்டடத்தின் வளைந்த சுவரைப் பற்றி. கடலைப் பார்த்த முன்பக்க அறைகளில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாதாம். நேர்க்கோட்டுக் கட்டிலுக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு சந்து விழுந்துவிடும். ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பாவை அந்தச் சந்தில்தான் ஒளித்துவைப்பாராம். வார்டன் வந்து குனிந்து பார்த்தாலும் தெரியாது. “கட்டினவன் எனக்காகவே கட்டியிருக்கான்” என்பார்.

கட்டினவன் அவருக்காகக் கட்டவில்லை; பனிக்கட்டிக்காக, ஜன்னலே இல்லாமல் கட்டினான். காற்றும் வெயிலும் உள்ளே வந்தால் சரக்கு போய்விடுமே. 1870களில் நீராவி இயந்திரம் வைத்து இங்கேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் அமெரிக்கப் பனிக்கட்டிக்கு மவுசு போயிற்று. கிடங்கும் விலைக்கு வந்தது. வாங்கியவர் உயர்நீதிமன்ற வக்கீல் பிலிகிரி ஐயங்கார். மனுஷர் குடியிருக்கவேண்டுமே. சுற்றிலும் வளைந்த தாழ்வாரம் எடுத்து, வரிசையாக ஜன்னல் வைத்தார். நண்பரான நீதிபதி கெர்னனின் பெயரைச் சேர்த்துக் ‘கேசில் கெர்னன்’ என்று பெயரும் வைத்தார். ஜன்னல் நிலைத்தது. பெயர் நிலைக்கவில்லை.

1897 பிப்ரவரியில், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர் அந்த வீட்டில் ஒன்பது நாள் தங்கினார். பிறகு அவருடைய சகதுறவி ராமகிருஷ்ணானந்தர் வந்து அங்கே ராமகிருஷ்ண மடம் நடத்தினார். ஐயங்கார் காலமானபின் வீடு ஏலத்துக்குப் போக, மடம் மயிலாப்பூருக்கு இடம் மாறியது.

1917-இல் அரசாங்கம் வாங்கியது. அந்தக் காலத்தில் அங்கே வந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் பெரியம்மாவின் குரல் தணிந்துவிடும். சமூகச் சீர்திருத்தவாதி சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைப் பெண்களை அங்கே குடிவைத்துப் படிக்கவைத்தார். பதினொரு வயதில் கணவனை இழந்தவர் அவர். 1911-இல் பட்டம் வாங்கியபோது, சென்னை மாகாணத்தில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை. வீட்டின் பின்கட்டை விட்டு வெளியே வராத சிறுமிகள், தலைமுடி வளர்த்து, அந்த ஜன்னல்களில் நின்று கடல் பார்த்தார்கள். “நாங்க வந்தப்போ அவங்க இல்லை. ஆனா ஜன்னல் கம்பி தேஞ்சிருந்தது” என்றார் பெரியம்மா ஒருமுறை. கம்பி உப்புக் காற்றில் தேய்ந்ததா, கைபட்டுத் தேய்ந்ததா என்று நான் கேட்கவில்லை.

1963-இல், விவேகானந்தர் நூற்றாண்டின்போது, அரசு அந்தக் கட்டடத்துக்கு ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயரிட்டது. 1997-இல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குத் தந்தது. இன்று உள்ளே கண்காட்சி. போயிருந்தபோது எல்லோரும் படங்களைப் பார்த்தார்கள். நான் சுவரின் வளைவைத் தடவிக்கொண்டே நடந்து, டப்பா வைக்க எங்கே சந்து விழும் என்று தேடினேன். துறைமுகத்தின் அலைத்தடுப்பால் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து, கடல் எவ்வளவோ தள்ளிப் போயிருந்தது. திரும்பி ஆட்டோ ஏறும்போது, “எங்கிருந்து, ஐஸ் ஹவுஸா?” என்றார் டிரைவர். அந்தப் பேட்டைக்கு, காவல் நிலையத்துக்கு, எல்லாவற்றுக்கும் அதுதானே பேர். இங்கே நாவலூரிலும் அப்படித்தான். கட்டணம் வாங்குவதை நிறுத்திய பிறகும் “டோல்கேட்ல இறக்கி விடுங்க” என்றுதான் சொல்கிறோம்.

போன ஞாயிறும் மீன் பையோடு நடந்தேன். வழியில் ஒரு கண்ணாடிக் கட்டடம். கரோனாவுக்கு முன் மூன்று ஷிப்டும் ஜனம் மொய்த்த இடம். இப்போது சில மாடிகளில் ‘வாடகைக்கு’ என்று போர்டு. வாசலுக்கு வெளியே, புங்கமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார் காவலாளி.

“ஏன் பெரியவரே, உள்ளே உட்காரலாமே?”

“ஏசியை நிறுத்திட்டா உள்ள அடுப்புங்க சார். தொறக்கிறதுக்கு ஒரு ஜன்னல்கூட வைக்கலை.”

பெரியம்மாவிடம் சொல்லியிருந்தால், யாராவது ஓர் ஐயங்கார் வருவார் என்றிருப்பார். பையிலிருந்து ஐஸ் தண்ணீர் காலில் சொட்டியது. வேகமாக நடந்தேன்.