அடங்கலில் ஏறாத மழை

ஐப்பசி அடைமழை என்று எங்கள் அம்மாக்கள் சொன்னால் அது வேலைக் கணக்கு. புரட்டாசியில் சம்பா நடவு, மழை விட்ட நாட்களில் களையெடுப்பு, தையில் கருதறுப்பு. அந்தக் கூலியில்தான் கடைக்கடன் அடைந்தது, எங்கள் படிப்பும் நடந்தது. இன்று திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் காலனிகளில் சமூகப் பணி செய்கிறோம். எங்களில் பாதிப்பேர் அந்தக் காலனிகளிலேயே பிறந்தவர்கள்.

மழையைப் பற்றிப் பேசுகிறவர்கள் சராசரியைக் காட்டுகிறார்கள். சமூகவியல் வகுப்பில் நாங்களும் அப்படித்தான் படித்தோம். 2015 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 50 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல், சென்னை மூழ்கியது. 2016இல் 62 விழுக்காடு குறைவு, டெல்டா காய்ந்தது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏறக்குறைய வழக்கமான மழைதான் வரும். அந்தச் சராசரி மழையில் நனைந்தவர் யாரும் இல்லை.

2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். அது போதாது என்று விவசாயிகள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஏக்கரே இல்லாதவர்களுக்கு? நூறு நாள் வேலையை 150 நாளாக உயர்த்தினார்கள், உண்மை. வேலை கிடைத்த இடத்திலும் கூலி வரத் தாமதமானது. அதுவரை வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிட்டோம்.

இன்னும் மோசமான நிலை குத்தகைக்காரர்களுடையது. எங்கள் ஆட்கள் ஒன்றிரண்டு ஏக்கர் பிடித்துச் சாகுபடி செய்தாலும் எல்லாம் வாய்ப்பேச்சுதான். அடங்கலில் பெயர் ஏறாது. பெயரை ஏற்றினால் நாளைக்கு நிலத்தில் உரிமை கேட்பார்களோ என்று உடைமையாளருக்குப் பயம். விதை, உரம், கடன் எல்லாம் நம்முடையது; நிவாரணம் மட்டும் டவுனில் இருப்பவர் வங்கிக் கணக்குக்குப் போகும்.

மழை பெய்யாத வருடம் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள் தோழர்களே. 2021 ஜனவரியில், அறுப்புக்கு நின்ற சம்பா மேல் மழை கொட்டியது. கதிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்தே முளைவிட்டது. பயிர் நிவாரணத்தை ஹெக்டேருக்கு 20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். சேற்றில் மிஞ்சியதை பெல்ட் மெஷின் வந்து அறுத்தது. கருதறுப்புக்குக் காத்திருந்த பெண்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். மழை நாட்களில் நூறு நாள் வேலையும் நடக்காது என்பதைக் காலனிக்கு வெளியே யாரும் யோசிப்பதில்லை.

நடவு போன கதை வேறு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கவில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதபோது விவசாயி மழையை நம்பி நேரடி விதைப்புக்கு மாறுகிறார். தண்ணீரும் மிச்சம், கூலியும் மிச்சம். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் மிச்சம் பிடித்த கூலி எங்கள் வீட்டு அடுப்பு. நாற்று பறித்து நட்ட கைகள் இப்போது திருப்பூர் பஸ்ஸுக்கு நிற்கின்றன. இதைப் பருவநிலை மாற்றத்துக்குத் தகவமைத்தல் என்று கருத்தரங்குகளில் பாராட்டுகிறார்கள். நாங்களும் ஒன்றில் உட்கார்ந்து கேட்டோம். டீ நன்றாக இருந்தது.

போன வருடம் ஒரு தெருக்கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "எத்தனை ஏக்கர் அழிஞ்சுதுன்னு எண்ண ஆபீசருங்க வர்றாங்க. எத்தனை நாளு நாங்க சும்மா உக்காந்தோம்னு யாரு எண்ணுவாங்க?"

அதற்குப் பிறகுதான் நோட்டு போட்டோம். தேதி, மழை உண்டா இல்லையா, வேலை உண்டா இல்லையா, கூலி எவ்வளவு. வீட்டுக்கு ஒரு பக்கம். பத்தாவது படிக்கிற பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். நிவாரண மனுவோடு அதன் நகலை இணைத்துக் கொடுத்தோம். புரட்டிப் பார்த்தவர், அடங்கல் நகல் எங்கே என்று கேட்டார். நிலமில்லாதவர்களுக்கு அடங்கல் ஏது என்றோம். மனுவை வாங்கிக்கொள்ளவே அரைமணி நேரம் பேச வேண்டியிருந்தது. கடைசியில் ரசீது கொடுத்தார்கள்.

இந்த ஐப்பசிக்கு இன்னும் நான்கு தெருக்களில் நோட்டு தொடங்குகிறோம். விடுமுறைக்கு ஊர் வருகிற மாணவர்கள் உங்கள் தெருவிலும் ஒன்று தொடங்குங்கள். நாற்பது பக்க நோட்டே போதும்.