வண்டூர் போய் வர எத்தனை லிட்டர்?

"ட்ரெய்லரை மாட்டினா மைலேஜ் பாதியாப் போயிடும் தம்பி." அந்தமானின் ஜங்லிகாட் மீன் இறங்குதுறையில் நான் விசாரித்த அத்தனை பேரும் இதையேதான் சொன்னார்கள். ஐஸ் பெட்டி ஏற்றுகிறவர் சொன்னார், வலை தைத்துக்கொண்டிருந்தவர் சொன்னார், டீக்கடைக்காரரும் சொன்னார். பாதி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், யாராவது அளந்தீர்களா என்று கேட்டபோதுதான் பேச்சு நின்றது. அளந்து பார்த்துவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அதற்குத் தோதாக ஒரு அண்ணன் கிடைத்தார். பரமக்குடிப் பக்கம் பூர்வீகம்; பிறந்து வளர்ந்தது பிளேயரில். 2024 செப்டம்பரில் அரசு போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்துவிட்டது; அவர் பேச்சில் ஊர் இன்னும் பிளேயர்தான். மாருதி ஈகோ வேன் வைத்திருக்கிறார். பின்னால் ஹூக் போட்டு, இரண்டு சக்கர ட்ரெய்லரில் ஃபைபர் டிங்கிகளை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவது அவர் செய்யும் வேலைகளில் ஒன்று. ஜங்லிகாட்டில் பழுதுபார்த்த படகை மேற்குக் கரையிலுள்ள வண்டூருக்குக் கொண்டுபோய் விட்டு, அங்கே அடிபட்டுக் கிடக்கும் இன்னொன்றை ஏற்றி வர வேண்டிய வேலை அவருக்கு இருந்தது.

கடல் வழியாகவே ஓட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்டேன். ஜங்லிகாட் கிழக்கே, வண்டூர் மேற்கே. தெற்கு அந்தமானின் முனையைச் சுற்றி, அதற்கும் ரட்லண்டு தீவுக்கும் நடுவே உள்ள மெக்பெர்சன் நீரிணையைத் தாண்டித்தான் போக வேண்டும். நாற்பது குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் மோட்டாரை முழு வேகத்தில் விட்டால் மணிக்கு 15 லிட்டருக்கு மேல் குடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குக் கரையில் அலையும் சும்மா இருக்காது. தரை வழி ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை.

முதலில் ட்ரெய்லர் இல்லாமல் ஒரு தடவை போய் வந்தோம். வழியில் உள்ள பங்க்கில் டேங்கை நிரப்பினோம். குழாய் தானாக நின்ற இடத்தோடு சரி, அதற்கு மேல் ஒரு சொட்டு விடவில்லை. பலகையில் பெட்ரோல் 82 ரூபாய் 46 காசு. சென்னையில் நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துப் பழகியவனுக்கு அது கண்ணில் படாமல் போகுமா? பெட்ரோல் இங்கே கப்பலில்தான் வருகிறது. ஆனாலும் விலை குறைவு. வாட் வரி ஒரே ஒரு சதவீதம். தமிழ்நாட்டில் 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு.

படகின் மோட்டார் எழுபது கிலோ தேறும். அதை இரண்டு ஓட்டத்திலும் வேனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆள் இரண்டு, மோட்டார் ஒன்று, அதே பாதை, அதே விடிகாலை நேரம். ட்ரெய்லர் ஒன்றுதான் வித்தியாசமாக இருக்க வேண்டும். திரும்பி வந்து அதே பங்க்கில், அதே குழாயில் நிரப்பியபோது ஓடியிருந்தது 52 கிலோமீட்டர். உள்ளே போனது 3.52 லிட்டர். லிட்டருக்கு 15-க்குக் கொஞ்சம் கீழே. நிறுவனம் இந்த 1.2 லிட்டர் என்ஜினுக்குச் சொல்லும் கணக்கு 19.71. அது சோதனைக்கூடத்தில் எடுத்தது. எங்கள் வழியில் இருக்கும் கராச்சர்மா கடைத்தெரு அங்கே கிடையாது.

மறுநாள் ட்ரெய்லரோடு. அந்தமானில் ஐந்து ஐந்தரைக்கெல்லாம் வெயில் வந்துவிடுகிறது. நான் போய்ச் சேரும்போது படகு ட்ரெய்லரில் ஏறிக் கயிறு கட்டியாகிவிட்டது. பதினாறு அடி டிங்கி, வெளிர்நீலம், அடியில் புதிதாக ஒட்டிய ஃபைபர் இன்னும் பிசின் வாடை அடித்தது. வண்டியை அசைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ மெதுவாக உருண்டு திரும்பும் சத்தம். ஏறி எட்டிப் பார்த்தால் கால் வைக்கும் பலகைக்குக் கீழே தண்ணீர், இரவு பெய்த மழை. பின்பக்கம் அடியில் இருந்த அடைப்பானைத் திருகி எடுத்தோம். மஞ்சளாக வந்த தண்ணீர் நிற்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐம்பது அறுபது கிலோ எடையை, அதுவும் ஒவ்வொரு வளைவிலும் பக்கம் மாறும் எடையை, ஏற்றிக்கொண்டு கிளம்ப இருந்தோம். "எப்பவும் இப்படித்தான் போறதா?" என்றேன். "மழைக்காலத்துல யாரு பாக்குறா" என்றார் அண்ணன்.

அடுத்து டயர். வேனின் நான்கு சக்கரமும் சரியாக இருந்தது. ட்ரெய்லரின் இடது டயர் மட்டும் தரையில் பரவிக் கிடந்தது. காற்று பிடித்துப் பார்த்தபோது பாதிதான் இருந்தது. இழுக்கிற வண்டிக்குப் பார்த்துப் பார்த்துக் காற்று அடிக்கிறவர்கள், இழுபடுகிற வண்டியை மறந்துவிடுகிறார்கள். டயர் நசுங்கி நசுங்கி நிமிர்வதில் போகிற சக்தி முழுக்க பெட்ரோல்தான்.

காற்றை நிரப்பிக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஈகோவுக்குப் பின்சக்கர ஓட்டம். ஹூக்கின் மேல் இறங்கும் கனம் ஓட்டுகிற சக்கரத்தின் மேலேயே விழுவதால் ஏற்றத்தில் சக்கரம் சுற்றாமல் பிடிக்கிறது. அதிகமானால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் தளரும். மொத்தச் சுமையில் பத்தில் ஒரு பங்கு ஹூக்கில் இருந்தால் போதும். ஒரு கையால் ட்ரெய்லரின் மூக்கைத் தூக்க முடிந்தது, சரிதான்.

கராச்சர்மா தாண்டும் வரை வேகத்தடை, பள்ளிப் பேருந்து, நின்று நின்று நகரும் ஆட்டோக்கள். ஒவ்வொரு முறை நின்று எடுக்கும்போதும் என்ஜின் முனகுவது சீட்டுக்கு அடியிலேயே கேட்டது; ஈகோவில் என்ஜின் அங்கேதான் இருக்கிறது. நேற்று மூன்றாவது கியரில் ஏறிய மேடுகள் இன்று இரண்டாவது கேட்டன. அண்ணன் இறக்கத்திலும் இரண்டாவதிலேயே விட்டார். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. வேனின் பிரேக்கே இரண்டையும் நிறுத்த வேண்டும்.

சிப்பிகாட்டில் சாலை நேராகி, இரண்டு பக்கமும் தண்ணீர் வருகிறது. 2004 சுனாமி நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்து, வயலாக இருந்த இடத்தில் கடல் நீர் ஏறி நின்றுவிட்டது. சமதளம் என்பதால் நாலாவது கியரில், மணிக்கு நாற்பதில், ட்ரெய்லர் பின்னால் இருப்பதே தெரியவில்லை. வெளிநாடுகளில் சிறிய வேன்களில் ட்ரெய்லர் இழுப்பவர்கள் காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். நாற்பதில் போகிற இந்தத் தீவுச் சாலையில் காற்றுக்குக் கொடுக்கும் கப்பம் சின்னது. இங்கே பெட்ரோலைத் தின்பது மேடும், நின்று எடுப்பதும், உருளும் சக்கரமும்தான்.

உருளும் சக்கரம் என்றதும் ஞாபகம் வந்து, ஓரமாக நிறுத்தச் சொல்லி ட்ரெய்லரின் சக்கர மையத்தைத் தொட்டுப் பார்த்தேன். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பக்கம் கையை வைக்க முடியவில்லை. பேரிங்கில் கிரீஸ் செத்திருக்கிறது. சூடேறிய சக்கரத்தோடு ட்ரெய்லரை நேரே கடலில் இறக்குவார்கள். சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு துரு, துருவுக்குப் பிறகு சக்கரமே பிரேக் பிடித்ததுபோல் இழுக்கும். அண்ணன் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மீதி தூரத்துக்கு முப்பதுக்கு மேல் போகவில்லை.

மங்லூட்டான் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே நிழலாக ஓடி வண்டூரில் இறங்கினோம். 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் படகு கிளம்பும் இடம் இது. உப்புநீர் முதலை உள்ள கரை, எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. ட்ரெய்லரைத் தண்ணீரில் இறக்காமல், மணலில் உருளைக் கட்டைகளைப் போட்டு ஆறு பேர் படகைத் தள்ளினார்கள். அடிபட்ட படகை ஏற்றும்போது அண்ணனே முதலில் அடைப்பானைத் தேடிப் போனார். கரையில் ஒருவரிடம் கிரீஸ் வாங்கி இடது சக்கரத்தில் அடைத்தார். திரும்பும் வழியில் மறுபடி சிப்பிகாட்டில் நிறுத்தித் தொட்டோம். சூடு இருந்தது, ஆனால் கை பொறுத்தது.

அதே பங்க், அதே குழாய். 52 கிலோமீட்டருக்கு 4.36 லிட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். குழாய் நிற்பதில் நூறு மில்லி முன்பின் இருக்கும். அதைக் கழித்தாலும் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான், பாதி இல்லை. துறையில் சொன்னவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மழைத் தண்ணீரும் காற்றில்லாத டயரும் செத்த பேரிங்கும் சேர்ந்து இழுத்தால் கணக்கு அந்தப் பக்கம் வெகுதூரம் நகரும். அதை மொத்தமாக ட்ரெய்லர் தலையில் கட்டிவிட்டார்கள்.

இதே படகை மினி லாரியில் ஏற்ற 1,800 ரூபாய் கேட்டதாகச் சொன்னார் அண்ணன். எனக்குத் தெரிந்த கணக்கு இது: கூடுதலாகச் செலவானது 0.84 லிட்டர், 69 ரூபாய்.

ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இழுக்கும் வண்டியின் எண் ட்ரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவு. அண்ணன் எழுதி வைத்திருந்தார். ஆனால் பின்விளக்கின் வயர் அறுந்து தொங்கியது. தீவில் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும். மைலேஜ் பார்ப்பதற்கு முன் அந்த வயரை மாட்டுங்கள்.