சம்பந்திக்கு மீசை உண்டு!

மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போன இரண்டாவது வாரமே நான் ஒரு படுகொலை செய்யப் பார்த்தேன். ஆயுதம், ஒரு கெட்டில் வெந்நீர்.

ஏப்ரல் மாதம். வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் குட்டிக் குட்டியாக மண் குவியல்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சில் நுழைகிற அளவு ஓட்டை. சுற்றிலும் கருப்பாக ஏதோ பறந்துகொண்டிருந்தது. நடுவில் மஞ்சள் கோடு போட்டதும் ஒன்றிரண்டு.

"குளவி மாமா! குழந்தையைக் கொட்டிட்டா?" என்றார் மாப்பிள்ளை.

நம்மூர் வைத்தியம் எனக்குத் தெரியாதா? கெட்டிலோடு கிளம்பிவிட்டேன்.

"நோ, நோ!" வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பெரியவர் அலறினார். "போன வருஷமே உங்களிடம் சொன்னேனே, மறந்துட்டீங்களா?"

நான் வந்ததே இப்போதுதான். போன வருஷம் வந்தவர் என் சம்பந்தி!

திருத்துவதற்குள் மனிதர் பூதக்கண்ணாடியோடு வந்து புல்லில் குப்புறப் படுத்துவிட்டார். என்னையும் படுக்க வைத்தார்.

குளவியே இல்லையாம், சுரங்கத் தேனீ. ராணி கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தானே குழி தோண்டி, மகரந்தம் சேர்த்து, அதன்மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போவாள். அக்கம்பக்கமாக இருந்தாலும் தனிக்குடித்தனம்தான், நம்ம ஃபிளாட் மாதிரி. இதன் கொடுக்கு மனிதத் தோலில் இறங்குவதே அபூர்வம். குழியில் வெந்நீர் ஊற்றியிருந்தால், அடுத்த வசந்தத்தில் பிறக்க வேண்டிய பிள்ளைகள் காலி!

ஆண்ட்ரீனா என்கிற இந்த வகையில் பிரிட்டனில் மட்டுமே 60-க்கும் மேற்பட்ட இனங்கள். முதுகில் சாம்பல் முடி, குறுக்கே கருப்புப் பட்டை இருந்தால் அவள் சினரேரியா. பட்டையில்லாமல் முழுக்கச் சாம்பலென்றால் வேகா. ஆனால், பட்டையை மட்டும் நம்பக்கூடாது. ஆணுக்கு அது அவ்வளவு தெளிவாக இருக்காது. சாப்பாட்டையும் கவனிக்க வேண்டும். வேகா அம்மாள் பிள்ளைகளுக்கு வில்லோ மரத்து மகரந்தம் தவிர வேறெதையும் சேர்க்க மாட்டாள். சினரேரியாவுக்கு அந்த மடியெல்லாம் கிடையாது, பல பூக்களுக்கும் போவாள். சில பொடி இனங்களைப் பிரித்தறிய மைக்ராஸ்கோப்பே வேண்டும்.

"வயசாகி முடி கொட்டிவிட்டால் நிபுணர்களே திணறுவார்கள்" என்றார். என் தலையைப் பார்த்து ஏன் சொன்னாரோ!

அந்த மஞ்சள் கோட்டுக்காரி? அவளும் தேனீதானாம். பெயர் நோமடா. செய்வது குயில் வேலை. அடுத்தவள் குழியில் முட்டை வைத்துவிட்டு நழுவிவிடுவாள். மாப்பிள்ளை குளவியென்று நடுங்கியது இவளைப் பார்த்துத்தான்.

எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டே சொன்னேன்: "சார், ஒரு அடையாளம் நானும் சொல்லட்டுமா? மீசையும் அரையடி அதிக உயரமும் இருந்தால் அது சம்பந்தி. இரண்டும் இல்லையென்றால் நான்."

பெரியவர் முகம் செக்கச் செவேலென்று சிவந்துவிட்டது. "ஸாரி... ஸாரி..." பாவமாக இருந்தது.

நான் மட்டும் யோக்கியமா? முதல் வாரம் முழுக்க இவரையும் எதிர்வீட்டுக் கிழவரையும் ஒரே ஆளென்று நினைத்து, இருவரிடமும் மாற்றி மாற்றி, "முழங்கால் வலி தேவலையா?" என்று விசாரித்தவன்தானே! வலி யாருக்கு என்பது இன்றுவரை தெரியாது.

உற்றுப் பார்க்கச் சோம்பல்பட்டால் மனிதர்களிடம் அசடு வழியலாம், சமாளித்துவிடலாம். கையில் வெந்நீர் இருந்தால்தான் ஆபத்து.

ஆறிப்போன கெட்டிலை மறுபடி சுட வைத்தேன். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

அது சரி, போன வருஷமே விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்காத என் சம்பந்தியை எந்த இனத்தில் சேர்ப்பது?